மருந்துத் தானம்



தசலட்சணப் பருவத்தின் பத்து நாள்களிலும் நாம் நாளுக்கோர் அறமாகப் பத்து அறங்களைச் சிந்தித்து வருகின்றோம். அவற்றுள் எட்டாவது உத்தம தியாகம். தியாகம் என்ற சொல்லுக்கு இல்லறத்தார் அளவில் தானம் என்றே பொருள் கொள்ளுதல் வழக்கு. குற்றாலத்தில் சாரல் ஓய்ந்துவரும் அந்நாளில், தென்காசியில் வாழும் நம்மவர் சில குடும்பத்தினர் கூடியிருந்தபோது நான் கூறிய சில கருத்துகளை விரித்து இங்கே எழுதுகின்றேன். எழுத்தறிவித்தலைத் தொழிலாகக் கொண்டிருந்த நான், அறவுரை கூறும் தகுதி உடையவள் என்று எண்ணிக்கொண்டு எழுதவில்லை. அறிந்ததைப் பகிர்தலும் ஒரு தானமே என்ற துணிவினால் எழுதுகின்றேன்.

உணவு, மருந்து, அறிவு, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களை நம் ஆசிரியர்கள் வகுத்துள்ளனர். முதலாவதை நாம் குறைவின்றிச் செய்கின்றோம். கோயில் விழாக்களிலும், முன்னோர் நினைவு நாள்களிலும், திருமண நாள்களிலும் அன்னதானம் இடாத குடும்பம் நம்மிடையே இல்லை. சாத்திர நூல்களை அச்சிட்டு வழங்குவோரும் உளர். மருந்துத் தானத்தை மட்டும், மருத்துவச் சாலை கட்டும் பெருஞ்செல்வர்க்கு உரியது என்று ஒதுக்கிவிட்டோம். அது முறையன்று என்பதே இவ்வுரையின் கருத்து.

மருந்துத் தானத்தின் எடுத்துக்காட்டு

சமந்தபத்திர சுவாமிகள் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரம் என்னும் நூலை அறியாதார் நம்மில் இலர். அதன் கருத்தைத் தமிழில் தருவது அருங்கலச்செப்பு. தானங்களால் உயர்ந்தோரைக் குறிப்பிடுமிடத்தில் மருந்துத் தானத்துக்கு விருஷபசேனை என்னும் பெண்ணின் பெயரைச் சுவாமிகள் எடுத்துக் காட்டுகின்றார். உரையாசிரியர்கள் அவளது முற்பிறவி வரலாற்றை விரித்துரைப்பர்.

முற்பிறவியில் அவள் நாகசிரி என்னும் பெயருடையவளாய், கோயிலைக் கூட்டிப் பெருக்கும் தொண்டு செய்து வந்தாள். ஒரு நாள் அங்கே முனிவர் ஒருவர் தியானத்தில் ஆழ்ந்திருந்தார். பெருக்க வேண்டும், எழுந்திருங்கள் என்று அவள் சொன்னாள். அவர் அசையவில்லை. சினங்கொண்ட அவள் பெருக்கிய குப்பையை அவர் மீதே குவித்துவிட்டாள். மறுநாள் அங்கு வந்த அரசன் குப்பைக்குள் மூச்சு அசைவதைக் கண்டு முனிவரை வெளியே எடுத்தான். அவர் முகத்தில் சினத்தின் சாயலும் இல்லை. அதைக் கண்ட நாகசிரி மனம் கலங்கி வருந்தினாள். வருந்தியதோடு நில்லாமல், அவர் உடலுற்ற துன்பம் தீரும் வரை மருந்து தேடிக் கொணர்ந்து அருகிருந்து பணிவிடை செய்தாள். அந்தப் பணிவிடையின் பயனாக மறுபிறவியில், தான் நீராடிய நீரே பிறர் நோயைத் தீர்க்கும் பேற்றினைப் பெற்றாள் என்பது வரலாறு.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டுவது ஒன்று உண்டு. மருந்துத் தானத்துக்கு எடுத்துக்காட்டாக நிறுத்தப்பட்டவள் பொன்னை அள்ளிக் கொடுத்தவள் அல்லள். கோயில் கூட்டிய எளிய பெண். அவள் கொடுத்தவை, மருந்தைத் தேடி நடந்த நடையும், உடனிருந்து செய்த தொண்டும் ஆகும். இதனையே வையாவிருத்தியம் என்று நூல்கள் போற்றுகின்றன. ஆகவே, பொருளில்லாதார் மருந்துத் தானம் செய்ய இயலாது என்று கூறுதல் பொருந்தாது.

இக்காலப் பெருநோய்

முற்காலத்தில் பெருநோய் என்றால் மருந்தே இல்லாத நோய் என்று பொருள். இக்காலத்தில் புற்றுநோய்க்கு மருந்து உண்டு. ஆயின் அதன் விலை கேட்டவரை நடுங்கச் செய்கின்றது. ஓராண்டு, ஈராண்டு, சில வேளைகளில் வாழ்நாள் முழுவதும் உண்ண வேண்டிய மாத்திரைகள் உள்ளன. மூன்று வாரத்துக்கொருமுறை ஏற்ற வேண்டிய ஊசிமருந்துகள் உள்ளன. ஓய்வூதியத்தில் வாழ்வோரும், சிறு நிலத்தை நம்பியிருப்போரும், கடைக்கணக்கு எழுதி வாழ்வோரும் அவ்விலையைக் கேட்டவுடன் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். வீட்டையும் நகையையும் விற்கின்றனர். அன்றி, மருத்துவத்தையே கைவிடுகின்றனர்.

நம் குடும்பங்களில் இவ்விரண்டாவது முடிவுக்குச் சமயத்தின் பெயரைச் சூட்டுதலும் உண்டு. என்னினும் சில ஆண்டு மூத்த அம்மையார் ஒருவருக்கு இரத்தப் புற்றுநோயில் ஒரு வகை கண்டது. நாள்தோறும் உண்ண வேண்டிய மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். நான் காணச் சென்றபோது அவர் மாத்திரைச் சீட்டைத் தலையணைக்கடியில் மடித்து வைத்திருந்தார். “தங்கச்சி, எங்களுக்கு இருப்பது ஒரு வீடு. அதையும் விற்று நான் மாத்திரை உண்ண வேண்டுமா? வினை வந்துவிட்டது. சல்லேகனை ஏற்று அமைதியாகப் போய்விடுகிறேன். பிள்ளைகளிடம் நீதான் சொல்ல வேண்டும்” என்றார். “அக்கா, பிள்ளைகளிடம் சொல்லுமுன் மருத்துவரிடம் ஒன்று கேட்டுவிடுவோம்” என்று மட்டும் கூறினேன். கேட்டோம். அதே மருந்து, பொதுப்பெயரில், முன்பு சொன்ன விலையில் சிறு பகுதிக்குக் கிடைக்கும் என்றார் மருத்துவர். வீடு விற்கப்படவில்லை. அம்மையார் மாத்திரையும் உண்கின்றார். மாலையில் பகவானுக்கு விளக்கும் ஏற்றுகின்றார்.

அவர் கூறிய சொற்களில் இரு பெருங்கேள்விகள் உள்ளன. வினை வந்த பின் மருந்து எதற்கு என்பது ஒன்று. பணமில்லாதபோது சல்லேகனை ஏற்கலாமா என்பது மற்றொன்று.

வினையும் மருந்தும்

நோய் அசாதா வேதனீய வினையின் பயன் என்பது நம் கொள்கை. இதில் ஐயமில்லை. ஆயின் வினைப்பயன் வருவதற்கு உள்காரணமும் புறக்காரணமும் உண்டு என்பதும் நம் கொள்கையே. விதைக்குள் முளை இருந்தாலும் நீரும் நிலமும் வேண்டும். அதுபோலவே, வினை மெலிவதற்கும் நிமித்தம் வேண்டும். மருந்து அத்தகைய நிமித்தம். வினையின் பெயரைச் சொல்லி மருந்தை மறுப்பவர், பசி வந்தபோது வினையென்று சொல்லி உணவை மறுப்பதில்லை அன்றோ? மருத்துவம் அறத்துக்குப் புறம்பானதாயின், உக்கிராதித்தர் என்னும் நம் ஆசிரியர் கலியாண காரகம் என்ற பெரிய மருத்துவ நூலை இயற்றியிருக்க மாட்டார். ஊன் கலவாத மருந்துகளைக் கூறும் அந்நூல், நோய் தீர்த்தலும் அறநெறிக்குள் அடங்கியதே என்பதற்குச் சான்றாக நிற்கின்றது.

சல்லேகனை எப்போது?

இரண்டாவது கேள்வி மிகவும் நுட்பமானது. சல்லேகனை நம் நெறியின் மகுடம். அதனை நான் குறைத்துப் பேசுவதாக எவரும் எண்ணலாகாது. ஆனால் அதற்குரிய காலத்தை நூல் வரையறுத்திருக்கின்றது. இடையூறு, வற்கடம், மூப்பு, நோய் என்ற நான்கனுள் ஒன்று, தீர்வே இல்லாததாய் வந்துற்றபோது மட்டுமே அது ஏற்கத்தக்கது. தீர்வில்லாதது என்ற அந்த அடைமொழியை விட்டுவிட்டு நோய் என்பதை மட்டும் பற்றிக்கொள்ளுதல் நூலைப் பாதி படித்தலாகும். தீர்வு உண்டா இல்லையா என்பதை மருத்துவம் கற்றவர் சொல்ல வேண்டும். நம் பணப்பை சொல்லலாகாது.

இதற்குச் சமந்தபத்திர சுவாமிகளின் வாழ்க்கையே சான்று. அவருக்குப் பஸ்மகம் என்னும் கொடிய நோய் உற்றது என்று மரபு வரலாறு கூறுகின்றது. உண்ட உணவெல்லாம் எரிந்துபோகும் தீராப் பசிநோய் அது. முனிவர்க்குரிய அளவான உணவு அந்நோய்க்குப் போதாது. நோன்பை வழுவாமல் காக்க விரும்பிய சுவாமிகள், சல்லேகனை ஏற்கத் தம் குருவிடம் இசைவு வேண்டினார். குரு இசையவில்லை. இந்நோய் தீரக்கூடியது, நீ வாழ்ந்து செய்ய வேண்டிய அறப்பணி மிகுதியாக உள்ளது, முதலில் நோயைத் தீர்த்துக்கொள் என்று பணித்தார். சுவாமிகள் துறவுக்கோலத்தையும் சிறிது காலம் நீக்கி, அரசன் ஒருவன் நாள்தோறும் படைக்கச் செய்த பெருந்திரளான உணவினால் நோய் நீங்கப்பெற்று, மீண்டும் துறவேற்றார் என்பர்.

அன்பர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். சல்லேகனையின் இலக்கணத்தை நமக்கு வகுத்துத் தந்த ஆசிரியரே, தீரும் நோய்க்காகச் சல்லேகனை கேட்டபோது மறுக்கப்பட்டார். மறுக்கப்பட்டு வாழ்ந்ததனாலன்றோ நாம் பெரும்பேறு பெற்றோம்? அவரது நோயைத் தீர்த்த உணவு, தனியொருவர் பொருளால் வாங்கக்கூடியதாகவும் இருக்கவில்லை. அரசனின் பண்டகசாலையிலிருந்தே அது வந்தது. அரசின் உதவியால் மருத்துவம் பெறுவதை இழிவென்று கருதும் நம்மவர் இதனையும் உள்ளத்திற் கொள்ள வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இனி மருந்தினால் பயனில்லை என்று மருத்துவர் கூறும் நிலையும் வரும். அப்போது வீட்டை விற்று மேலும் மேலும் விலையுயர்ந்த மருந்தை ஏற்றுவது அன்பாகாது. நோவைத் தணிக்கும் மருத்துவமும், திருநாமம் கேட்கும் அமைதியும், உற்றார் அருகிருத்தலுமே அவ்வேளையில் உரிய கொடைகள்.

மருந்தின் விலை எங்கே உயர்கின்றது?

ஒரு மாத்திரை செய்வதற்குரிய பொருட்செலவு பெரும்பாலும் சிறிதே. ஆனால் புது மருந்தைக் கண்டுபிடித்த நிறுவனத்துக்குக் காப்புரிமை வழங்கப்படும்போது, குறித்த ஆண்டுகள் வரை வேறெவரும் அதனைச் செய்து விற்க இயலாது. விலையை அந்நிறுவனமே வரையறுக்கின்றது. இது பற்றிய பெருவழக்கு ஒன்று நம் சென்னையிலேயே தொடங்கியது என்பதைப் பலர் அறியார்.

இமாட்டினிப் என்பது ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்குரிய மாத்திரை. நோவார்ட்டிஸ் என்னும் சுவிட்சர்லாந்து நிறுவனம் கிளிவெக் என்ற பெயரில் அதனை விற்றது. அம்மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டி 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. அந்நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய் ஆயிற்று. இந்திய நிறுவனங்கள் செய்த அதே மருந்துக்கு ஏறத்தாழ 8,000 முதல் 10,000 ரூபாயே ஆயிற்று. புற்றுநோயாளர் நலச் சங்கம் ஒன்றும் இந்திய மருந்து நிறுவனங்களும் மறுப்புத் தெரிவித்தன. 2006 ஜனவரியில் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அறிந்த பொருளின் புதுவடிவம் நோய் தீர்க்கும் ஆற்றலில் மிகுந்திருந்தாலன்றிக் காப்புரிமை இல்லை என்னும் சட்டப்பிரிவையே எதிர்த்து அந்நிறுவனம் வழக்காடியது. சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் அவ்வழக்கைத் தள்ளியது. முடிவில் 2013 ஏப்ரல் 1ஆம் நாள் உச்சநீதிமன்றமும் காப்புரிமையை மறுத்துத் தீர்ப்பளித்தது. மேலே கூறிய அம்மையார் இன்று மாத்திரை உண்ண முடிவதற்குப் பின்னே இந்தப் பதினைந்து ஆண்டு வழக்கு நிற்கின்றது.

2012 மார்ச்சில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் புற்றுநோய்க்குரிய சோராபெனிப் என்னும் மருந்துக்குப் பேயர் நிறுவனம் மாதம் ஏறத்தாழ 2,80,000 ரூபாய் விலை வைத்திருந்தது. மக்களால் வாங்க இயலாத விலை என்ற காரணத்தால், நாட்கோ என்னும் ஐதராபாத் நிறுவனமும் அதனைச் செய்து விற்கலாம் என்று இந்தியக் காப்புரிமைத் தலைமை அலுவலர் கட்டாய உரிமம் வழங்கினார். விலை 9,000 ரூபாய்க்கும் கீழே வந்தது.

நாம் அநேகாந்தம் பேசும் நெறியினர். ஆகவே மறுபக்கத்தையும் கூற வேண்டும். புது மருந்து காண்பதற்குப் பல்லாண்டு உழைப்பும் பெரும்பொருளும் வேண்டும். அதற்கு ஊதியம் இல்லையேல் ஆராய்ச்சி தளரும் என்பதும் உண்மையே. நோவார்ட்டிஸ் நிறுவனம் நம் நாட்டில் ஆயிரக்கணக்கான நோயாளர்க்கு அம்மருந்தை இலவசமாக வழங்கியதும் உண்மையே. எனினும் உழைப்புக்கு ஊதியம் என்பது வேறு. உயிரை ஈடாக வைத்து அளவிறந்த பொருள் ஈட்டுதல் வேறு. இரண்டுக்கும் இடையே எல்லைக்கோடு இடுவதுதான் மிகுபொருள் விரும்பாமை என்னும் நம் விரதம்.

ஐந்தருவி

ஐந்தருவியில் நீராடியோர் அறிவர். மேலிருந்து வருவது ஓர் ஆற்றின் நீர்தான். பாறையை அடைந்ததும் அது ஐந்து கிளையாகப் பிரிந்து விழுகின்றது. ஓர் அருவியில் கூட்டம் மிகுந்தால் அடுத்ததில் நிற்கலாம். மருந்துக்கு வழி தேடும் குடும்பத்துக்கும் இவ்வாறு ஐந்து வழிகள் உள்ளன.

முதலாவது, அரசு மருத்துவமனையும் அறநிலைய மருத்துவமனையும். தென்காசியிலிருந்து செல்வோர்க்குத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அண்மையில் உள்ளது. மதுரையில் அரசு மருத்துவமனை உண்டு. மலை கடந்தால் 1981இல் தோன்றிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் உண்டு. வடக்கே வாழும் நம்மவர்க்குக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை உண்டு. அரசு மருத்துவமனை மருந்து தரமற்றது என்பாரும் உளர். 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் வேண்டிய மருந்தை ஒருங்கே வாங்குகின்றது. வாங்கிய மருந்தை ஆய்வுக்கூடத்தில் சோதித்த பின்னரே அனுப்புகின்றது. மொத்தமாக வாங்குவதால் விலை குறைகின்றதேயன்றித் தரத்தைக் குறைத்து அன்று.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரத்தை நெஞ்சில் வைத்து, மாதர் சங்கத்தின் துணையோடு ஊரெங்கும் பொருள் திரட்டி, 1954இல் 12 படுக்கைகளுடன் அம்மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். 2021 ஜனவரியில் மறையும் வரை டாக்டர் சாந்தா அம்மருத்துவமனையையே இல்லமாகக் கொண்டு வாழ்ந்தார். ஏழை என்பதால் எவரையும் திருப்பியனுப்பலாகாது என்பது அவர்கள் கொள்கை. அவர்கள் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் நம் நூல்கள் கூறும் மருந்துத் தானத்தை வாழ்ந்து காட்டியவர்கள்.

இரண்டாவது, காப்பீடு. 2012 முதல் நடைபெறும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பம் சேரலாம். ஆண்டுக்கு 5,00,000 ரூபாய் வரை மருத்துவம் பெறலாம். புற்றுநோய்க்கான அறுவை, கதிர்வீச்சு, மருந்தேற்றுதல் ஆகியவை இதில் அடங்கும். திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிய வேண்டும். நோய் வந்த பின் அலைவதைவிட, இன்றே அட்டை பெற்று வைத்தல் நன்று. தகுதி இருந்தும், ஏழையென்று பெயர் வருமே என்று நாணி வாளாவிருக்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. பொய்ச்சான்று தந்து பெறுவதே நாணத்தக்கது. தகுதியால் பெறுவது உரிமை.

மூன்றாவது, பொதுப்பெயர் மருந்து. ஜெனரிக் என்று கடைகளில் கூறுவது இதுவே. வணிகப்பெயர் வேறு, மருந்தின் பெயர் வேறு. ஒரே மருந்து பல வணிகப்பெயர்களில் பல விலைகளில் விற்கின்றது. மருத்துவரிடம் மருந்தின் பொதுப்பெயரையும் எழுதித் தரும்படி பணிவுடன் கேளுங்கள். அது அவரை ஐயுறுவதாகாது. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008 முதல் இயங்குகின்றன. தமிழக அரசின் முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்டன. எல்லாப் புற்றுநோய் மருந்தும் அங்கே கிடைத்துவிடாது. ஆனால் உடன் வேண்டிய வாந்தித் தடுப்பு, வலி தணிப்பு, சத்து மாத்திரைகளிலேயே மாதச் செலவு கணிசமாகக் குறையும். 2019 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு விற்பனையிடை இலாபம் 30 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்று வரையறுத்தது. மார்பகப் புற்றுநோய்க்குரிய டிராஸ்டுசுமாப் போன்ற உயிரியல் ஊசிமருந்துகளுக்கும் 2014 முதல் ஒப்புமை மருந்துகள் நம் நாட்டிலேயே செய்யப்படுகின்றன. ஆயினும், எந்த மருந்தையும் மருத்துவரைக் கேளாமல் மாற்றலாகாது. மலிவு கருதி வேளையைக் குறைப்பதும், ஒன்றுவிட்டு ஒரு நாள் உண்பதும் நோயையே வளர்க்கும்.

நான்காவது, உதவி நிதிகளும் சலுகைகளும். பெரிய மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். மருந்து நிறுவனங்கள் நடத்தும் நோயாளர் உதவித் திட்டங்கள், அறக்கட்டளைகள், பிரதமரின் தேசிய நிவாரண நிதி ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கும் முறையை அவர் அறிவார். மருத்துவரைக் கண்ட பின் அவரைக் காணாமல் வீடு திரும்பலாகாது. மருத்துவத்துக்காகச் செல்லும் புற்றுநோயாளர்க்கு ரயிலில் இரண்டாம் வகுப்புப் படுக்கையில் முழுக்கட்டணச் சலுகையும், உடன் செல்பவர்க்கு 75 விழுக்காட்டுச் சலுகையும் உண்டு. மருத்துவமனையில் உரிய சான்றுப் படிவம் பெற்றால் போதும். தென்காசியிலிருந்து பொதிகை விரைவு வண்டியில் மாதந்தோறும் சென்னை சென்று திரும்பும் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று.

ஐந்தாவது அருவி நாமே. அதனைக் கூறுமுன் ஓர் எச்சரிக்கை.

அருவிக்கரை மருந்து

குற்றால மலை மூலிகை வளம் உடையது. அதனால் பருவ காலத்தில் எல்லா நோயும் தீரும் என்று சொல்லி வேரும் பட்டையும் இலேகியமும் விற்போர் கூடுவர். முறையாகக் கற்ற சித்த மருத்துவரைப் பற்றி நான் குறை கூறவில்லை. ஆயின் கற்றறியாதார் சொல்லை நம்பி, தொடங்கிய மருத்துவத்தை நிறுத்திவிட்டு, நோய் முற்றிய பின் மருத்துவமனைக்குச் செல்வோர் உண்டு. மலிவான மருந்தைத் தேடுவது அறிவுடைமை. மருந்தல்லாததை மலிவென்று வாங்குவது பேரிழப்பு. அவ்வாறு போன காலத்தை எந்தத் தானத்தாலும் மீட்க இயலாது.

ஐந்தாவது அருவி

தென்காசியிலிருந்து சங்கரன்கோவில் வழியாகக் கோவில்பட்டி செல்லும் சாலையில் கழுகுமலை உள்ளது. அப்பாறையில் ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்களை வரிசை வரிசையாகக் காணலாம். அவற்றின் கீழே வட்டெழுத்தில் செய்வித்தோர் பெயர்கள் உள்ளன. வேறு வேறு ஊரினர், எளிய தொழில் செய்தோர், குரத்தியர் எனப்பட்ட நம் பெண் ஆசிரியர்கள் ஆகியோர் அவர்கள். அம்மலை ஒரு பேரரசன் கொடை அன்று. ஒருவர் ஓர் உருவம், மற்றொருவர் மற்றோர் உருவம் என்று பலர் சிறிது சிறிதாகச் செய்வித்ததனால் அது மலையளவாயிற்று. சிலர் தமக்காகவன்றிப் பிறர் நலம் கருதியும் செய்வித்திருக்கின்றனர்.

மருந்துத் தானமும் அவ்வாறே ஆகலாம். ஒவ்வோர் ஊர் ஜினாலயத்திலும் அன்னதான உண்டியலுக்கு அருகே மருந்துத் தான உண்டியல் ஒன்று இருக்கட்டும். பிறந்த நாள், நினைவு நாள் செலவில் ஒரு பகுதி அதில் சேரட்டும். ஆனால் பணத்தோடு நின்றுவிடலாகாது. ஊருக்கு இருவர், அவருள் ஒருவர் பெண்ணாக, இவ்வைந்து வழிகளையும் நன்கறிந்தவராக இருத்தல் வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர், எழுத்தர், வங்கி ஊழியர் நம்மில் எத்துணையோ பேர் உளர். படிவம் நிரப்பவும், அலுவலகத்தில் வரிசையில் நிற்கவும், மருத்துவமனையில் உடனிருக்கவும் அவர்களுக்கு நேரம் உண்டு. நாகசிரி செய்த தொண்டு இதுவன்றி வேறென்ன?

உதவி பெறுவோர் பெயரை வெளியிடலாகாது. கழுகுமலையில் கொடுத்தவர் பெயரைத்தான் பொறித்தனர். கொடுப்பவர் பெயர் கல்லிலும் இருக்கட்டும். பெறுபவர் பெயர் காற்றிலும் கலக்க வேண்டாம். புற்றுநோய் தொற்றுநோய் அன்று. அது வந்த வீட்டில் பெண் எடுக்கத் தயங்குவதும், நோயுற்றவரின் பாத்திரத்தை விலக்கி வைப்பதும் நற்காட்சிக்கு இழுக்கு. அருவருப்பின்மை நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்று என்பதையும், நோயுற்ற முனிவருக்கு அருவருப்பின்றித் தன் கையாலேயே பணிவிடை செய்த உத்தாயண மன்னன் அதற்கு எடுத்துக்காட்டு என்பதையும் நாம் சிறு வயதிலேயே கற்றிருக்கின்றோம்.

இவ்வாறு பார்க்கின், நோயுற்ற ஒரு வீட்டில் நால்வகைத் தானமும் ஒன்றாகின்றன. மருந்துக்கு வழி செய்வது மருந்துத் தானம். வழி இன்னதென்று அறிவிப்பது அறிவுத் தானம். வீடு போய்விடுமோ, பிள்ளைகள் தெருவில் நிற்பரோ என்ற அச்சத்தை நீக்குவது அபய தானம். மருத்துவமனையில் காத்திருப்போர்க்கு நம் வீட்டுத் தூய உணவைக் கொண்டு கொடுப்பது அன்னதானம்.

தியாகத்தை அடுத்து வரும் ஒன்பதாவது அறம் ஆகிஞ்சன்யம். எதுவும் எனதன்று என்னும் தெளிவு அது. அத்தெளிவைத் துறவோர் அடைவர். இல்லறத்தாராகிய நாம், என்னிடம் உள்ளது எனக்கு மட்டும் அன்று என்னும் அளவுக்கேனும் உயர்வோமாக. பணமில்லாமையால் ஓர் உயிர் மருந்தை மறுக்கும் நிலை நம் ஊரில், நம் தெருவில் இல்லை என்று சொல்லும் நாள் வருமாக.

எல்லா உயிரும் நோயின்றி வாழ்க! அறம் ஓங்குக!